ரீஇஷ்யூவா, ஸ்டாண்டர்டா? ஒரு ஸ்ட்ராட், ஒரு சீட்டுப் பணம்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

எலெக்ட்ரிக் கிட்டார் பத்தி எப்போ பேசினாலும் மெயில்ல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, காசு சேர்த்துட்டேன், ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்கப் போறேன். அந்தக் காலத்து மாடலை அப்படியே திரும்பச் செஞ்ச ரீஇஷ்யூ வாங்கவா, இல்ல இப்போதைய ஸ்டாண்டர்ட் மாடலா?" இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

இதுக்கு என்கிட்ட ஒரு ரெடிமேட் பதில் இருந்துச்சு. போன வருஷம் வரைக்கும். பள்ளிபாளையத்துல ஒரு அண்ணன் அந்தப் பதிலை உடைச்சுட்டார். அவர் கதையைக் கடைசியில சொல்றேன், அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை தெரியணும். இல்லைன்னா அவர் எடுத்த முடிவு புரியாது.

முதல்ல ரீஇஷ்யூன்னு ஒண்ணு ஏன் வந்துச்சுன்னு பார்ப்போம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டரை விட்டார். 1965-இல் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வித்துட்டார். அதுக்கப்புறம் 70-களில் வந்த கிட்டார்கள் மேல வாசிக்கிறவங்களுக்குத் திருப்தியில்ல. கனமா இருக்கு, நெக் ஆடுது, வேலை சுத்தமில்லைன்னு புகார். எல்லாரும் 1965-க்கு முந்தின பழைய கிட்டாரைத் தேட ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்துல ஜப்பான்காரங்க பழைய ஃபெண்டரை அளவெடுத்து, ஃபெண்டரை விடச் சுத்தமா காப்பி அடிச்சாங்க. தன்னோட பழைய பொருளோட காப்பிகிட்ட தன்னோட புதுப் பொருள் தோற்குதுன்னு கம்பெனிக்குப் புரிஞ்சுது. 1982-இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கினாங்க. அதே வருஷம் '57, '62 ஸ்ட்ராட் ரீஇஷ்யூக்கள் வந்துச்சு.

1985-இல் கம்பெனி சிபிஎஸ் கையிலிருந்து வெளியே வந்துச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட். பழைய உருவம், ஆனா உள்ளே நிறையத் திருத்தம். அன்னையிலிருந்து ரெண்டு வரிசையும் பக்கத்துப் பக்கத்துலயே ஓடுது. சாஃப்ட்வேர்காரன் கண்ணுல, ஒண்ணு தொடர்ந்து அப்டேட் ஆகிட்டே வர்ற வெர்ஷன். இன்னொண்ணு 1962-இல் எப்படி இருந்துச்சோ அப்படியே நிறுத்தி வெச்ச வெர்ஷன். அதுல அன்னைக்கு இருந்த பக் எல்லாம் அப்படியே இருக்கும்.

பெயர்ல ஒரு குழப்பம் இருக்கு, காசு போடறதுக்கு முன்னாடி கவனிங்க. 'ஸ்டாண்டர்ட்'ங்கிற சொல்லுக்கு ஃபெண்டர்ல ஒரே அர்த்தம் கிடையாது. அமெரிக்கன் ஸ்டாண்டர்டோட இடத்துக்கு 2017-இல் அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் வந்துச்சு, 2020-இல் அதோட இரண்டாவது பதிப்பு. மெக்ஸிகோவுல செஞ்ச 'ஸ்டாண்டர்ட்' 2018-இல் 'ப்ளேயர்'னு பெயர் மாறிச்சு. 2025-இல் வந்த 'ஸ்டாண்டர்ட்' வரிசை இந்தோனேஷியாவுல செய்யறது. அதனால செகண்ட்ஹேண்ட் விளம்பரத்துல "ஃபெண்டர் ஸ்டாண்டர்ட்"னு மட்டும் போட்டிருந்தா எந்த நாடு, எந்த வருஷம்னு கேளுங்க. விலை பல மடங்கு மாறும். ரீஇஷ்யூவிலும் அப்படித்தான். அமெரிக்கன் விண்டேஜ் வேற, மெக்ஸிகோவில் செய்யற வின்டெரா வேற. இன்னைக்கு நான் 'ஸ்டாண்டர்ட்'னு சொல்றது பொதுவா இப்போதைய மாடலை.

சரி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? இணையத்துல பாதிப் பேர் "டோன்"னு ஒரே சொல்லுல முடிச்சுடுவாங்க. நான் நாலு விஷயம் சொல்றேன். நாலையும் நம்ம ஊர்ல வெச்சுப் பார்க்கலாம்.

முதல் விஷயம், ஃப்ரெட்போர்டோட வளைவு. நெக் மேல விரல் வைக்கிற பலகை தட்டையா இருக்காது, குறுக்குவாட்டில் லேசா மேடு கட்டியிருக்கும். பழைய ஸ்ட்ராட்ல அது 7.25 அங்குல ஆரம் உள்ள வட்டத்தோட ஒரு துண்டு. இப்போதைய மாடல்களில் பெரும்பாலும் 9.5 அங்குலம். வட்டம் சின்னதா இருந்தா மேடு அதிகம். பார் கார்டு பிடிக்கும்போது அந்த மேடு விரலுக்குள்ள அழகா உட்காரும். நாள் முழுக்க கார்டு வாசிச்சாலும் கை வலிக்காது. பிரச்சினை கம்பியை இழுக்கும்போதுதான். முதல் கம்பி பலகையோட ஓரத்துல இருக்கு. அதை நடுப்பக்கமா தள்ளினா மேட்டு மேல ஏறுது. முன்னாடி இருக்கிற ஃப்ரெட்ல போய் உரசும், சத்தம் பாதியிலேயே செத்துப்போகும். இதைத் தவிர்க்கக் கம்பியை உயர்த்தி வைக்கணும். உயர்த்தினா வேகம் குறையும்.

அமெரிக்காவுல ப்ளூஸ் வாசிக்கிறவருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனா நமக்கு இன்னும் அதிகம். நம்ம சினிமாப் பாட்டுல ஒரு வயலின் பிட்டையோ பாடகரோட ஒரு சங்கதியையோ கிட்டார்ல எடுக்கணும்னா, நெளிச்சு இழுக்காம முடியாது. கர்னாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், அவருக்கு அப்புறம் பிரசன்னா, இவங்க வாசிப்பைக் கேளுங்க. ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்குப் போற வழிதான் அங்க முக்கியம். அந்த வழியில கம்பி செத்துப்போனா என்ன ஆகும்? அதனால யூட்யூப்ல வெளிநாட்டுக்காரர் "7.25 சூப்பர்"னு சொன்னா, அவர் என்ன வாசிக்கிறார்னு முதல்ல பாருங்க.

ரெண்டாவது விஷயம், ட்ரஸ் ராட். நெக்குக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது. ஆறு கம்பிகளோட இழுவையில நெக் வில்லா வளையாம அதுதான் எதிர்த்து நிக்குது. மரம் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், விடும், அதுக்கேத்த மாதிரி நெக்கும் அசையும். சேலம், நாமக்கல் சமவெளியில ஏப்ரல், மே வறட்சி எப்படின்னு உங்களுக்குத் தெரியும். அக்டோபர்ல மழை பிடிச்சா அப்படியே தலைகீழ். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது நெக்கைச் சரி பண்ண வேண்டியிருக்கும்.

இப்போதைய மாடல்ல கிட்டார் தலைப்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. ஆலன் கீயை விட்டுக் கால் திருப்பு திருப்பினா முடிஞ்சுது, ரெண்டு நிமிஷ வேலை. '62 ரீஇஷ்யூவில் அந்தத் திருகு நெக்கோட அடிப்பக்கம், உடம்போட சேர்ற இடத்துல இருக்கு. கம்பிகளைத் தளர்த்தி, பின்னாடி நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, நெக்கைத் தூக்கி, கொஞ்சம் திருகி, மறுபடி மாட்டி, ட்யூன் பண்ணிப் பார்க்கணும். சரியில்லையா? மறுபடி முதல்லேர்ந்து. எனக்கு முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நம்ம பக்கம் நல்ல கிட்டார் டெக்னீஷியன் வேணும்னா பெரும்பாலும் கோயம்புத்தூரோ பெங்களூரோ பஸ் ஏறணும். போக வர ஒரு நாள் போச்சு. கிட்டார் விலையில அந்த ஒரு நாளையும் சேர்த்துக்கோங்க.

மூணாவது விஷயம், இரைச்சல். இதைத்தான் நம்ம ஊர்க்காரங்க அதிகமா கவனிக்கணும். ஸ்ட்ராட்ல இருக்கிறது ஒற்றைக் காயில் பிக்கப். காந்தத்தைச் சுத்தி மெல்லிசான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுத்தி வெச்சிருக்கும். கிட்டார் கம்பியோட அசைவை மின்சாரமா மாத்தறது அதோட வேலை. ஆனா அது ஒரு ஆன்டெனா மாதிரியும் வேலை செய்யும். பக்கத்துல மோட்டார், ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், மேடை சீரியல் செட் எது இருந்தாலும் அதோட இரைச்சலைப் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்பிடும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை இதெல்லாம் விசைத்தறி ஊர். வீட்டுக்கு வீடு மோட்டார். இங்க ஒற்றைக் காயில் பிக்கப்பை ஆன் பண்ணிப் பாருங்க, நான் சொல்றது காதுலயே கேட்கும்.

இப்போதைய ஸ்ட்ராட்கள்ல பெரும்பாலும் நடு பிக்கப்பை எதிர்த் திசையில சுத்தி, காந்தத்தையும் தலைகீழா வெச்சிருப்பாங்க. ஸ்விட்ச்சை ரெண்டாவது, நாலாவது இடத்துல வெச்சா ரெண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும். அப்போ ரெண்டும் பிடிக்கிற இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், பாட்டு மட்டும் நிக்கும். 60-கள்ல இந்த ஏற்பாடு இல்ல. மூணு பிக்கப்பும் ஒரே திசை. அந்தக் காலத்தை அச்சா பின்பற்றுற ரீஇஷ்யூவிலும் இருக்காது. அஞ்சு இடத்துலயும் இரைச்சல்தான்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய வயரிங்ல ப்ரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழ் கிடையாது. கோயில் மைக் செட் வழியா அது வந்தா காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கும். குறைக்க வழியில்ல. மெக்ஸிகோ ப்ளேயர் வரிசையிலேயே ப்ரிட்ஜுக்குத் தனி டோன் குமிழ் கொடுத்துட்டாங்க.

ஸ்விட்ச் கதையும் வேடிக்கையானது. ஆரம்பத்துல ஸ்ட்ராட்டுக்கு மூணு நிலை ஸ்விட்ச்தான். வாசிக்கிறவங்க ரெண்டு நிலைக்கு நடுவுல ஸ்விட்ச்சைச் சிக்க வெச்சு ஒரு புது சத்தம் கண்டுபிடிச்சாங்க. அதுக்காகவே 1977-இல் அஞ்சு நிலை ஸ்விட்ச் வந்துச்சு. '62 ரீஇஷ்யூவில் காலத்துக்கு உண்மையா மூணு நிலை ஸ்விட்ச்சைப் பொருத்திட்டு, அஞ்சு நிலை ஸ்விட்ச்சைத் தனியா பெட்டிக்குள்ள போட்டுக் கொடுத்தாங்க. பழசு வேணும்னு கேட்கிறவங்களுக்கே அந்தப் பழசு எல்லாம் வேண்டாம்னு கம்பெனிக்கும் தெரிஞ்சிருக்கு.

நாலாவது விஷயம் மரமும் பூச்சும். அமெரிக்கன் விண்டேஜ் ரீஇஷ்யூன்னா நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. மெல்லிசு, அழகா தேயும். ஆனா வேர்வையில சீக்கிரம் போகும். மலிவான ரப்பர் ஸ்டாண்ட்ல சாய்ச்சு வெச்சா ரப்பர் பட்ட இடத்துல பூச்சு உருகி ஒட்டிக்கும். ஏசி கார்லேர்ந்து இறக்கி நேரா மே மாச மேடைக்குக் கொண்டுபோனா மயிரிழை விரிசல் விழலாம். இப்போதைய பாலியூரித்தேன் பூச்சு இதையெல்லாம் தாங்கும்.

மரத்துல ஒரு முக்கியமான சமாசாரம் இருக்கு. 1959-இல் ஸ்ட்ராட்டுக்கு ரோஸ்வுட் பலகை வந்துச்சு. அன்னைக்குப் போட்டது பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் அழிவு நிலைக்குப் போனதால 1992-இல் அதோட சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்துச்சு. அதனால இன்னைக்கு '62 ரீஇஷ்யூ வாங்கினாலும் பலகை பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட்தான். அதாவது நம்ம ஈட்டி மரம், தோதகத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையில அதிகம், நம்ம சேர்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கமும் உண்டு. தமிழ்நாட்டுல ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டாங்க. சொந்தப் பட்டா நிலத்துல இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்ட முடியாதுன்னு.

2017 ஜனவரியில ஈட்டி உட்பட அந்த மர இனம் முழுக்க சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்துச்சு. ரோஸ்வுட் போட்ட கிட்டாரை விற்பனைக்கு எல்லை தாண்டி அனுப்பக் காகிதம் தேவைப்பட்டுச்சு. ஃபெண்டர் மெக்ஸிகோ மாடல்கள்ல ரோஸ்வுட்டை விட்டுட்டு பாவ் ஃபெர்ரோன்னு வேற மரத்துக்கு மாறினாங்க. 2019 நவம்பர்ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தாங்க. எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, "அச்சு அசல் 1962"ன்னு ஒண்ணு கிடையாது. பழைய மரம் கிடைக்காது, வேற மரம்தான் அந்த இடத்துல நிக்குது. விளம்பரத்துல 'அசல்'னு வாசிச்சா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பழசுன்னா எல்லாமே குறைன்னு சொல்லல. பழைய மாதிரி ட்யூனிங் குமிழ்ல கம்பி முனையை நடு ஓட்டைக்குள்ள குத்தி விட்டுச் சுத்தணும். முனை வெளியில நீட்டாது, விரலைக் கிழிக்காது, ட்யூனும் நல்லா நிக்கும். அதை விடச் சிறப்பா ஒண்ணு வேணும்னு எனக்குத் தோணினதே இல்ல.

ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தா நாலு விஷயத்திலும் ஸ்டாண்டர்டுதான் முந்துது. என்னோட ரெடிமேட் பதில் அதுதான். "ரீஇஷ்யூங்கிறது கூடக் காசு கொடுத்துப் பழைய குறைகளை வாங்கறது. ஸ்டாண்டர்ட் வாங்குங்க." நான் வெச்சிருக்கிறதும் மெக்ஸிகோ ப்ளேயர்தான். அது 2018-இல் வந்தப்போ அமெரிக்காவுல விலை 700 டாலருக்குக் கீழே. 2022-இல் வந்த அமெரிக்கன் விண்டேஜ் இரண்டாம் வரிசை 2,000 டாலருக்கு மேலே.

இப்போ பள்ளிபாளையத்து அண்ணன் கதை.

அண்ணனுக்கு ஐம்பதை ஒட்டின வயசு. பகல்ல தறிப்பட்டறையில ஃபிட்டர். ராத்திரி லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவுல லீட் கிட்டார். பங்குனி, சித்திரையில ஊரூரா மாரியம்மன் நோம்பி, ஆடியில சேலம் பக்கம் பண்டிகை, மத்த மாசம் கல்யாண ரிசப்ஷன். கொல்கத்தாவுல செய்யற கிவ்சன் கிட்டார்ல ஆரம்பிச்சவர். அப்புறம் ஒரு கொரியா கிட்டார், இருபது வருஷமா அதுதான். நான் காலேஜ் படிக்கும்போது அவர் வீட்டுத் திண்ணையிலதான் கார்டு கத்துக்கிட்டேன். ஒரு பைசா வாங்கினதில்ல.

போன வருஷம் ஏலச்சீட்டு எடுத்தார். ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. பொண்ணு கல்யாணம் முடிஞ்சுது, வீட்டுக்கடனும் அடைஞ்சுது. அண்ணி, "இது உங்களுக்குன்னு எதுனா வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் எனக்கு ஃபோன் பண்ணார். "தம்பி, பெங்களூர்ல ஒருத்தர் அறுபத்திரண்டு ரீஇஷ்யூ ஒண்ணை விக்கறாராம். அதே காசுக்குப் புதுசா அமெரிக்கன் ப்ரொஃபெஷனலும் வருதுங்கறாங்க. நீதான் இதெல்லாம் படிக்கிறவன். பார்த்துச் சொல்லு."

நான் என்ன செஞ்சேன்? எக்செல் ஷீட் போட்டேன். பராமரிப்பு, இரைச்சல், மேடை நம்பகத்தன்மை, மறுவிற்பனைன்னு ஒவ்வொண்ணுக்கும் மதிப்பெண். எல்லாம் வருஷத்துக்கு அறுபது மேடைங்கிற கணக்குல. ஸ்டாண்டர்ட் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சுது. பிரின்ட் எடுத்துட்டுப் போனேன். அண்ணன் மரியாதையா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். "எதுக்கும் ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்துட்டு வந்துடலாங்களா?"ன்னார். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பெங்களூர் போனோம்.

முதல்ல கடையில ஸ்டாண்டர்ட். அரை மணி நேரம் வாசிச்சார். "நல்லா இருக்குது தம்பி. ஒரு குறையும் சொல்ல முடியாது." அப்புறம் ரீஇஷ்யூக்காரர் வீடு. கையில எடுத்ததும் அவர் முதல்ல செஞ்ச வேலை எனக்கு ஆச்சரியம். "ட்யூப்லைட்டைக் கொஞ்சம் போடுங்க, ஃபேனை ரெண்டுல வைங்க"ன்னு கேட்டார். இரைச்சலைக் கேட்டார். கிட்டாரோட திரும்பித் திரும்பி உட்கார்ந்து எந்தப் பக்கம் குறையுதுன்னு பார்த்தார். அப்புறம் பதினாலாவது ஃப்ரெட்ல முதல் கம்பியை ஒரு முழு ஸ்வரம் இழுத்தார். செத்துப்போச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சார். என் ஷீட்ல எழுதினது எல்லாமே கண்ணு முன்னாடி நடந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

அப்புறம் அவர் வாசிக்க ஆரம்பிச்சார். மேடைப் பாட்டு எதுவும் இல்ல. மெதுவா கார்டு மட்டும். கட்டை விரலை மேல வளைச்சுப் பிடிச்சு, ஒவ்வொரு கார்டுக்கும் உள்ளே ஒரு சின்ன மெலடி. இருபது நிமிஷம் யாரும் பேசல. பன்னெண்டு வருஷமா அவர் வாசிப்பைக் கேட்கிறேன். இப்படி வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

வாங்கிட்டார். ரீஇஷ்யூவைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ல எனக்குப் பொறுக்கல. "அண்ணா, எல்லாக் குறையும் நீங்களே பார்த்தீங்களே, அப்புறமும் ஏன்?"னு கேட்டேன். சட்டைப் பையிலேர்ந்து என் ஷீட்டை எடுத்துப் பிரிச்சார். அறுபதுங்கிற நம்பர் மேல விரலை வெச்சார்.

"தம்பி, நீ அறுபது மேடைன்னு போட்டிருக்கற. போன வருஷம் மொத்தம் பதினொண்ணு. இந்த வருஷம் அதுவும் வருமான்னு தெரியல. இப்ப ட்ராக்கைப் போட்டுப் பாடிட்டுப் போயிடறாங்க. இருக்கற மேடைக்கு அந்தக் கொரியா கிட்டார் போதும். இது மேடைக்கு இல்ல. முப்பது வருஷமா மத்தவங்க பாட்டை வாசிச்சாச்சு. இனி வீட்டுல உட்கார்ந்து நானா ஏதாச்சும் வாசிக்கணும்."

ஓசூர் தாண்டற வரைக்கும் நான் ஒண்ணும் பேசல.

என் ஷீட்ல கணக்கு எதுவும் தப்பில்ல. நான் போட்ட இன்புட் தப்பு. அவர் யாரு, இனி என்ன வாசிக்கப் போறார்னு நான் கேட்கவே இல்ல. எனக்குத் தெரிஞ்ச பத்து வருஷத்துக்கு முந்தைய அண்ணனுக்குக் கிட்டார் தேடிட்டு இருந்தேன். ரீஇஷ்யூ வாங்கறவங்கதான் பழசைப் பிடிச்சுத் தொங்கறாங்கன்னு இத்தனை நாளா பேசிட்டு இருந்தது நான்.

இப்போ அந்தக் கிட்டார் எப்படி இருக்கு? முதல் கம்பியைப் பன்னெண்டாவது ஃப்ரெட்ல 2 மில்லிமீட்டர் உயர்த்தி வெச்சிருக்கோம். இழுவை இப்போ சாகறதில்ல. வேகம் கொஞ்சம் குறைஞ்சுது, அவருக்கு அது தேவையும் இல்ல. நெக்கைக் கழட்டி மாட்ட அவருக்கு நான் கத்துக் கொடுத்தேன். தறி ஃபிட்டர் கையி. ரெண்டாவது தடவை இருபது நிமிஷத்துல முடிச்சுட்டார், இப்போ எனக்குத்தான் அவர் சொல்லித் தரார். இரைச்சலுக்கு மட்டும் வழியில்ல. தெருவுல தறி ஓடற வரைக்கும் ரெக்கார்ட் பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை தறி நிக்கும். அன்னைக்குத்தான் ரெக்கார்டிங். மூணு ட்யூன் முடிச்சிருக்கார். மூணும் அவர் போட்டது.

அதனால என் பதிலைத் திருத்திக்கறேன். மேடையில வாசிக்கிறீங்க, மாசத்துக்கு நாலு இடம் போறீங்க, ஒரே கிட்டார்தான் கையில இருக்குன்னா யோசிக்காம ஸ்டாண்டர்ட். முதல் ஸ்ட்ராட் வாங்கற காலேஜ் தம்பி தங்கச்சிகளுக்கும் அதேதான். கடன் வாங்கி ரீஇஷ்யூ வாங்காதீங்க. அந்த விலை வித்தியாசத்துல நல்ல ஆம்ப்ளிஃபயரே வந்துடும்.

ரீஇஷ்யூ ஆசை விடலைன்னா, வாங்கறதுக்கு முன்னாடி நாலு காரியம் பண்ணுங்க. ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் ஓடற இடத்துல ஆன் பண்ணிக் கேளுங்க. பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே நீங்க வழக்கமா இழுக்கற அளவுக்கு இழுத்துப் பாருங்க. நெக் திருகு எங்க இருக்கு, அதை யார் சரி பண்ணுவாங்கன்னு முடிவு பண்ணிக்கோங்க. கடைசியா, மேடைப் பாட்டு எதையும் வாசிக்காம அரை மணி நேரம் சும்மா வாசிங்க. அந்த அரை மணி நேரத்துல கை புதுசா எங்கேயாவது போச்சுன்னா, மத்த மூணு குறையோடவும் நீங்க குடும்பம் நடத்திடுவீங்க. போகலைன்னா அது வெறும் பேருக்காக வர்ற ஆசை, விட்டுடுங்க.

ஒரே ஒரு தகவலோட முடிக்கறேன். லியோ ஃபெண்டர் கம்பெனியை வித்தப்புறமும் சும்மா இருக்கல. ஜி அண்ட் எல்னு ஒரு கம்பெனி தொடங்கி, 1991-இல் சாகற வரைக்கும் தன்னோட பழைய கிட்டாரையே திருத்திட்டே இருந்தார். அவர்கிட்ட கேட்டிருந்தா புதுசைத்தான் கைகாட்டியிருப்பார். நானும் அந்தக் கட்சிதான். ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தறிச் சத்தம் இல்லாத அந்தத் தெருவுல அண்ணன் வாசிக்கும்போது, வாசல்ல உட்கார்ந்து கேட்டுட்டு இருப்பேன். அந்த நேரத்துல மட்டும் நான் கட்சி மாறிடுவேன்.

நீங்க எந்தக் கிட்டார் வாங்கினீங்க, ஏன் வாங்கினீங்கன்னு எழுதுங்க. விலைப் பட்டியல் வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.